எடிட்டரை விட்டு வெளியே வந்ததும் டெர்மினல் கெட்டுப்போவது ஏன், விண்டோவை மூடாமலே அதை எப்படி மீட்பது

ஏற்காட்டில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேலத்தில் இருக்கும் ஆபீஸ் சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தூரத்து கம்ப்யூட்டருக்குள் நெட் வழியாக நுழையும் முறை) வழியாகப் போய் விம் எடிட்டரில் வேலை செய்கிறேன். மழை பிடித்தால் நெட் இழுக்கிறது, எடிட்டர் அசையாமல் நின்றுவிடுகிறது. இன்னொரு விண்டோவிலிருந்து கில் மைனஸ் 9 போட்டு அதை முடித்தால் சில நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, சில நேரம் நான் தட்டுவது எதுவும் திரையில் தெரிவதில்லை, எல்எஸ் போட்டால் வரிகள் படிக்கட்டு மாதிரி சரிந்துகொண்டே போகின்றன, மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எண்ணாகக் கொட்டுகிறது. போன வாரம் கிரான்டேப் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) திருத்தும்போதும் இப்படித்தான் ஆனது. விண்டோவை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. சர்வரில் ஏதாவது கெட்டுவிட்டதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் மனதை அரிக்கும். இல்லை, எதுவும் கெடவில்லை. சர்வரில் எந்த ஃபைலும் மாறவில்லை, எதையும் மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று: அதே காரியத்தைத்தான் செய்கிறார், சில நேரம் கெடுகிறது, சில நேரம் கெடவில்லை. பெரும்பாலானவர்கள் "ரீசெட் என்று தட்டுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது தப்பில்லை, பாதி நேரம் வேலையும் செய்யும். ஆனால் ஏன் ஒருமுறை கெடுகிறது, ஏன் ஒருமுறை கெடவில்லை என்பது புரிந்தால்தான் ரீசெட் கைகொடுக்காத நாளில் என்ன செய்வது என்று தெரியும்.

நான் சேலத்தில் இருந்துகொண்டு ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து சேகோ ஆலைகளில் வே பிரிட்ஜோடு இணைந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பாதி வேலை எஸ்எஸ்எச் வழியாக, மீதி சீரியல் கேபிள் வழியாக. அதனால் டெர்மினல் அமைப்புகளோடு மல்லுக்கட்டுவது எனக்குத் தினசரி வேலை. சொல்வதெல்லாம் லினக்ஸையும், நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லையும் மனதில் வைத்துத்தான். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: 'டெர்மினல் அமைப்பு' என்று நாம் ஒன்றாகச் சொல்வது இரண்டு இடத்தில் தனித்தனியாக இருக்கிறது. ஒன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கிறது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் நிரலுக்குப் போவதற்கு முன்னால் கெர்னலில் டிடிஒய் என்ற பகுதி வழியாகப் போகிறது. சாதாரணமாக அந்தப் பகுதி நிறைய வேலை செய்து கொடுக்கிறது. தட்டிய எழுத்தைத் திரையில் திருப்பிக் காட்டுவது அதுதான், அதற்கு எக்கோ என்று பெயர். என்டர் அடிக்கும்வரை வரியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அழித்து, முழு வரியாக நிரலுக்குக் கொடுப்பதும் அதுதான், அது ஐகேனான். என்டர் விசை அனுப்பும் குறியைப் புது வரிக் குறியாக மாற்றுவது ஐசிஆர்என்எல். நிரல் புது வரி என்று எழுதும்போது கர்சரை இடது ஓரத்துக்கும் கொண்டுவருவது ஓஎன்எல்சிஆர். விம் மாதிரி முழுத்திரை எடிட்டருக்கு இந்த உதவி எதுவும் வேண்டாம். ஜே தட்டினால் கர்சர் உடனே கீழே இறங்க வேண்டும், என்டருக்குக் காத்திருக்க முடியாது, 'ஜே' என்ற எழுத்து திரையில் விழவும் கூடாது. அதனால் உள்ளே நுழைந்ததும் இவற்றையெல்லாம் அணைத்துவிட்டு, முன்பு எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வெளியே போகும்போது பழையபடி போட்டுவிட்டுப் போகும்.

இரண்டாவது இடம் உங்கள் கண்ணெதிரே இருக்கும் விண்டோ. ஏற்காட்டில் உங்கள் லேப்டாப்பில் ஓடும் டெர்மினல் நிரல். அதற்குத் தனியாக ஒரு நினைவு இருக்கிறது: கர்சர் தெரிய வேண்டுமா, மவுஸ் கிளிக்கை நிரலுக்கு அனுப்ப வேண்டுமா, இப்போது காட்டுவது வழக்கமான திரையா எடிட்டருக்கான மாற்றுத் திரையா, ஒட்டும் எழுத்துக்கு முன்னும் பின்னும் அடையாளம் போட வேண்டுமா, இப்படி. இவற்றை மாற்ற எடிட்டர் எஸ்கேப் குறியில் தொடங்கும் சின்னச் சின்னச் சைகைகளை அனுப்புகிறது. 1978-ல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற கருவியின் சைகைகளும், பின்னால் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரல் சேர்த்தவையும்தான் இன்றைக்கும் எல்லா டெர்மினல் விண்டோவிலும் நடைமுறையில் இருக்கின்றன. கெர்னலுக்கு இந்தச் சைகைகள் எதுவும் புரியாது, அப்படியே கடத்திவிடும். விண்டோவுக்கோ கெர்னலின் எக்கோ, ஐகேனான் எதுவும் தெரியாது.

இப்போது உங்கள் மூன்று அறிகுறிகளையும் பிரித்துப் பாருங்கள். தட்டுவது தெரியவில்லை, வரி படிக்கட்டாக ஓடுகிறது என்ற இரண்டும் கெர்னல் பக்கம்: எக்கோவும் ஓஎன்எல்சிஆரும் அணைந்தபடியே நிற்கின்றன. சக்கரத்தை உருட்டினால் எண் கொட்டுவது விண்டோ பக்கம்: மவுஸை நிரலுக்கு அனுப்பு என்று எடிட்டர் சொன்னது இன்னும் அமலில் இருக்கிறது. கொட்டும் எண்கள் 64, 65 என்று தொடங்கியிருக்குமே, அது சக்கரம் மேலே, கீழே உருண்டதற்கான குறி. கில் மைனஸ் 9 என்பது எந்த நிரலும் தடுக்கவோ கேட்கவோ முடியாத சிக்னல். எடிட்டருக்கு ஒரு நொடி அவகாசம்கூடக் கிடைக்காது, ஆகவே இரண்டு இடத்திலும் எதையும் திருப்பி வைக்காமலே செத்துப்போகிறது.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் கெட வேண்டுமே? இங்கேதான் பாஷ் நுழைகிறது. பாஷ் தான் நேரடியாகத் தொடங்கிய நிரல் எப்படி முடிந்தது என்று பார்க்கிறது. ஒரு சிக்னலால் செத்திருந்தால், அந்த நிரலைத் தொடங்குவதற்கு முன்னால் கெர்னல் பக்கத்தில் இருந்த அமைப்பைத் திரும்பப் போட்டுவிடுகிறது. நிரல் தானாக முடிந்து வெளியே வந்திருந்தால், அது விட்டுச் சென்ற அமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் எஸ்டிடிஒய் மாதிரி அமைப்பை மாற்றுவதற்கென்றே இருக்கும் கட்டளைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும், அதனால் அது நியாயமான ஏற்பாடுதான். நீங்கள் விம் என்று நேராகத் தட்டித் திறந்ததைக் கொன்றால், பாஷ் கண்ணுக்கு அது சிக்னலால் செத்த நிரல், கெர்னல் பக்கத்தை அதுவே சரிசெய்துவிடும். நீங்கள் கிரான்டேப் மைனஸ் ஈ போட்டு அது விம்மைத் திறந்திருந்தால் கதை வேறு. செத்தது விம், ஆனால் பாஷ் தொடங்கியது கிரான்டேப். கிரான்டேப் "எடிட்டர் செத்துவிட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு முறையாக வெளியே வருகிறது. பாஷ் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து, விம் அணைத்துவிட்டுப் போன அமைப்பையே இனி வழக்கமானது என்று வைத்துக்கொள்கிறது. கிட் கமிட் திறக்கும் எடிட்டரைக் கொன்றாலும், ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து திறந்த எடிட்டரைக் கொன்றாலும் இதேதான். நீங்கள் சொன்ன 'சில நேரம்' என்பதற்கு இதுதான் காரணம் என்பதில் எனக்குப் பெரும்பாலும் சந்தேகம் இல்லை, கிரான்டேப்பை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள் என்பதால். ஆனால் விண்டோ பக்கத்து நினைவை பாஷ் தொடுவதில்லை, அதனால் நேராகத் திறந்த விம்மைக் கொன்றாலும் மவுஸ் தொல்லை மட்டும் மிஞ்சலாம்.

சரி, மீட்பதற்கு வருவோம். கட்டளை தட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அவை கெட்டுப்போனது மாதிரியே தோன்றும், ஆனால் கெட்டது அல்ல. ஒன்று, கை தவறி கண்ட்ரோல்-இசட் அழுத்தியிருந்தால் எடிட்டர் வெளியேறவில்லை, பின்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 'ஜாப்ஸ்' என்று தட்டினால் தெரியும், 'எஃப்ஜி' என்று தட்டினால் திரும்ப வரும். இது தெரியாமல் அதே ஃபைலை மறுபடி திறந்து, ஸ்வாப் ஃபைல் (திருத்தங்களை விம் இடையில் வைத்துக்கொள்ளும் ஃபைல்) எச்சரிக்கை வந்து, இரண்டு இடத்தில் திருத்திக் குழம்பியவர்கள் நிறையப் பேர். இன்னொன்று கண்ட்ரோல்-எஸ். விண்டோஸ் பழக்கத்தில் சேமிக்க அழுத்திவிடுவோம். டெர்மினலில் அது வெளியீட்டை நிறுத்து என்ற பழைய சைகை. புதிய எடிட்டர்கள் சில இதை அடக்கிவைக்கின்றன, ஆனால் ஷெல்லிலும் பழைய எடிட்டர்களிலும் திரை அப்படியே உறைந்துவிடும். கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் போதும், உறைந்த நேரத்தில் தட்டியதெல்லாம் சேர்ந்து வந்து விழும். எடிட்டர் நின்றுவிட்டது என்று கொல்லக் கிளம்பும் முன் கண்ட்ரோல்-க்யூ ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். செலவில்லாத பரிசோதனை.

இரண்டும் இல்லை என்றால், முதலில் கண்ட்ரோல்-சி, பிறகு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நிதானமாக 'எஸ்டிடிஒய் சேன்' (டெர்மினலை வழக்கமான நிலைக்குக் கொண்டுவரும் கட்டளை) என்று தட்டி, என்டருக்குப் பதிலாக கண்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். ஏன் கண்ட்ரோல்-ஜே? என்டர் விசை அனுப்புவது ஒரு குறி, நிரல்கள் வரிமுடிவாக எதிர்பார்ப்பது வேறொரு குறி, இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொடுக்கும் ஐசிஆர்என்எல் இப்போது அணைந்திருக்கிறது. கண்ட்ரோல்-ஜே அந்த இரண்டாவது குறியை நேராக அனுப்பிவிடும். பாஷின் வழக்கமான தட்டும் வரியில் என்டரும் வேலை செய்யும், ஏனென்றால் பாஷ் அங்கே இரண்டு குறியையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு ஸ்கிரிப்ட் "தொடரலாமா" என்று கேட்டுக் காத்திருக்கிறது என்று வையுங்கள், அங்கே நீங்கள் எத்தனை என்டர் அடித்தாலும் போய்ச் சேராது, எக்கோ இருந்தால் ^எம் ^எம் என்று விழுந்துகொண்டே இருக்கும். கண்ட்ரோல்-ஜே இரண்டு இடத்திலும் செல்லுபடியாகும் என்பதால் அதையே பழகிக்கொள்வது நல்லது.

எஸ்டிடிஒய் சேன் தொடுவது கெர்னல் பக்கத்தை மட்டும். மவுஸ் எண்கள் அதற்குப் பிறகும் கொட்டும். அப்போதுதான் 'ரீசெட்'. அது கெர்னல் பக்கத்தையும் ஒழுங்குபடுத்தி, விண்டோவுக்கும் முழுதாக மீண்டும் தொடங்கு என்ற சைகையை அனுப்புகிறது. தட்டியதும் ஒரு நொடி போல நிற்கும், பழைய கருவிகள் தயாராவதற்காக வைத்த காத்திருப்பு அது, வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சில விண்டோக்களில் மேலே உருட்டிப் பார்க்கும் பழைய வரிகளை ரீசெட் அழித்துவிடும். திரையில் உங்களுக்கு வேண்டிய பிழைச்செய்தி ஏதாவது இருந்தால் முதலில் அதை நகலெடுத்துக்கொண்டு பிறகு ரீசெட் போடுங்கள். இன்னொன்று, டெர்ம் என்ற மாறியைப் பார்த்துத்தான் எந்தச் சைகையை அனுப்புவது என்று ரீசெட் முடிவு செய்கிறது. அது தவறாக இருந்தால் தவறான சைகை போகும், ரீசெட் போட்டும் பலனில்லை என்று பலர் சொல்வதில் ஒரு பகுதி இதுதான். பெரும்பாலான விண்டோக்களுக்கு டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று வைத்து மறுபடி ரீசெட் போட்டால் சரியாகிவிடும்.

விண்டோ பக்கத்தில் மவுஸ் தவிர வேறு மிச்சங்களும் உண்டு, அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய வரிக்கு முன்னால் 200~ என்றும் பின்னால் 201~ என்றும் வந்தால் ஒட்டுதல் அடையாளம் அணையாமல் நிற்கிறது. பாஷ் 5.1 முதல் தன் வரியில் இதைத் தானே கவனித்துக்கொள்கிறது, அதனால் இது மற்ற நிரல்களுக்குள்தான் தெரியும். கண்ட்ரோல்-சி அழுத்தினால் 99;5யு என்று விழுந்தால், புதிய எடிட்டர்கள் சில இயக்கும் விரிவான விசைப்பலகை முறை அணையவில்லை. எழுத்தெல்லாம் கோடும் மூலையுமாக மாறினால் அது எடிட்டர் வேலையாக இருக்காது, யாரோ ஒரு பைனரி ஃபைலை 'கேட்' கட்டளை போட்டுத் திறந்திருப்பார்கள், அதில் தற்செயலாக எழுத்துத் தொகுப்பை மாற்றும் குறி இருந்திருக்கும். எல்லாவற்றையும் ரீசெட் சரிசெய்துவிடும்.

உங்கள் ஊர் நிலைமைக்கு இதைவிட அடிக்கடி நடக்கக்கூடியது ஒன்று உண்டு: நீங்கள் எதையும் கொல்லவில்லை, நெட்டே அறுந்துவிடுகிறது. அப்போது சர்வர் பக்கத்து டிடிஒய் போயே போய்விடும், அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் லேப்டாப்பின் கெர்னல் பக்கத்தை எஸ்எஸ்எச் நிரல் வெளியேறும்போது தானே சரிசெய்துவிட்டுப் போகும். மிஞ்சுவது விண்டோ மட்டும்: மவுஸை அணைக்கும் சைகையை அனுப்ப வேண்டிய விம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது, வழி அறுந்துவிட்டது. ஆகவே லேப்டாப்பில், சர்வரில் அல்ல, ஒரு ரீசெட். எஸ்எஸ்எச் அறுந்தும் வெளியேறாமல் தொங்கினால் விண்டோவை மூட வேண்டாம். ஒரு என்டர், அடுத்து ~ குறி, அடுத்து புள்ளி. என்டருக்குப் பிறகு வரும் ~ குறியும் புள்ளியும் சர்வருக்குப் போவதில்லை, எஸ்எஸ்எச் நிரலே புரிந்துகொண்டு இணைப்பை முறித்துக்கொள்ளும்.

ஒரு நிரல் முன்னால் நின்றுகொண்டு எதற்கும் அசையாவிட்டால் வெளியிலிருந்தும் மீட்கலாம். கெட்டுப்போன விண்டோ எந்த டிடிஒய் என்பதை 'ஹூ' கட்டளை காட்டும், பிடிஎஸ் பார் 3 என்பது மாதிரி இருக்கும். இன்னொரு விண்டோவிலிருந்து எஸ்டிடிஒய் மைனஸ் பெரிய எஃப், பிறகு அந்த டிடிஒய்-யின் முழுப் பாதை, பிறகு சேன். மேக்கில் சிறிய எஃப். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த விண்டோவில் பாஷ் தன் வரியில் காத்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து மாற்றினால் நிலைக்காது. வரியில் இருக்கும்வரை பாஷ் தனக்கென ஓர் அமைப்பு வைத்திருக்கிறது, என்டர் அடித்ததும் தான் முன்பு பார்த்து வைத்ததையே திரும்பப் போட்டுவிடும். இதனாலேயே, வெளியிலிருந்து அந்த டிடிஒய்-யை எஸ்டிடிஒய் மைனஸ் ஏ போட்டுப் பார்த்தால் ஆரோக்கியமான விண்டோவிலும் ஐகேனானும் எக்கோவும் முன்னால் மைனஸ் போட்டு அணைந்ததாகத்தான் காட்டும். பயப்பட வேண்டாம். உண்மை நிலவரம் வேண்டுமென்றால் அந்த விண்டோவுக்குள்ளேயே எஸ்டிடிஒய் மைனஸ் ஏ தட்டுங்கள்.

பெரிய எஃப் போடும்போது பாதையை இரண்டு முறை படித்துப் பாருங்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். எங்கள் வே பிரிட்ஜ் கம்ப்யூட்டர்களில் எடைக் கருவி சீரியல் போர்ட்டில் தொடர்ந்து எடையை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் போர்ட்டும் கெர்னலுக்கு ஒரு டிடிஒய்தான். அங்கே எல்லாம் அணைந்த நிலைதான் சரியான நிலை, வருவது மனிதன் தட்டும் எழுத்து அல்ல என்பதால். அதன் மேல் தவறுதலாக சேன் விழுந்தால் எக்கோ இயங்கிவிடும், எடைக் கருவி அனுப்பிய ஒவ்வொரு எழுத்தும் அந்தக் கருவிக்கே திரும்பிப் போகும். சில கருவிகள் அதைத் தங்களுக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு மக்கர் செய்யும். மரவள்ளிக்கிழங்கு லாரி எடை மேடையில் ஏறி நிற்கும், திரையில் எடை வராது, பின்னால் வரிசை நீளும். சர்வர் அறையில் யுபிஎஸ், ஸ்விட்ச், மோடம் என்று சீரியலில் எது வேண்டுமானாலும் தொங்கலாம், உங்கள் ஆபீஸிலும் இருக்கும்.

தமிழ் மாதிரி ஆங்கிலமல்லாத எழுத்தில் எழுதுகிறவர்களுக்கு வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கெர்னல் பக்கத்தில் ஐயுடிஎஃப்8 என்று ஓர் அமைப்பு இருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'சேலம்' என்று எழுதினால் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். ஐயுடிஎஃப்8 இயங்கினால் பேக்ஸ்பேஸ் அழுத்தும்போது கெர்னல் மூன்று பைட்டையும் சேர்த்து எடுக்கும். அணைந்திருந்தால் ஒரு பைட்டை மட்டும் எடுத்துவிட்டு மீதி இரண்டை வரிக்குள்ளேயே விட்டுவிடும். ஜிஎன்யு எஸ்டிடிஒய்-யின் சேன் பல பதிப்புகளில் இதையும் சேர்த்து அணைத்துவிடுகிறது, ஆங்கிலம் மட்டும் தட்டுகிறவர் அதைக் கவனிக்கவே மாட்டார். பாஷ் வரியில் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது, அங்கே அழிப்பதை பாஷ் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒரு ஸ்கிரிப்ட் பெயர் கேட்டு, நீங்கள் தமிழில் தட்டி, நடுவில் ஒன்றை அழித்துத் திருத்தினால், திரையில் ஒழுங்காகத் தெரிந்தாலும் ஃபைலில் உடைந்த பைட்டுகள் போய் உட்காரும், பிறகு அந்த வரியைத் திறக்கும்போது கேள்விக்குறிக் கட்டமாக வரும். அதனால் சேன் போட்ட கையோடு எஸ்டிடிஒய் மைனஸ் ஏ போட்டு, ஐயுடிஎஃப்8 முன்னால் மைனஸ் இருந்தால் 'எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8' என்று தட்டி இயக்கிவிடுங்கள். இயக்கிய பிறகும் கெர்னல் குறி குறியாகத்தான் அழிக்கும், எழுத்து எழுத்தாக அல்ல. 'சே'-யில் முதல் அழுத்தலுக்கு ஏகாரம் போகும், இரண்டாவதற்குத்தான் ச போகும். புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது என்பதால் திரையில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்றும் ஆகும். தமிழில் நீளமாக எதையாவது தட்ட வேண்டுமென்றால் எடிட்டருக்குள் தட்டுவதே பத்திரம். இதே காரணத்தால்தான், ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் தானாக சேன் ஓடும்படி பாஷில் வைத்துக்கொள்ளச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை.

வராமல் தடுப்பதற்கு முதல் வழி, 9 போடும் பழக்கத்தை விடுவது. வெறும் கில் போதும், அது 15-ம் எண் சிக்னலை அனுப்பும். விம் அதைப் பிடித்து, திருத்தியதை ஸ்வாப் ஃபைலில் பத்திரப்படுத்தி, இரண்டு பக்கத்து அமைப்பையும் திருப்பி வைத்துவிட்டுச் சாகும். அடுத்த முறை அந்த ஃபைலைத் திறந்தால் மீட்டெடுக்கவா என்று கேட்கும். சில நொடி பொறுத்தும் சாகாவிட்டால் மட்டும் 9. ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து எடிட்டர் திறப்பவர்கள் முன்னால் எஸ்டிடிஒய் மைனஸ் ஜி வெளியீட்டை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, எடிட்டர் முடிந்ததும் அந்த மாறியையே எஸ்டிடிஒய்-க்குக் கொடுத்தால் போதும், பழைய அமைப்பு ஐயுடிஎஃப்8 உட்பட அப்படியே திரும்பும். சேனைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் சேன் கொடுப்பது பொதுவான அமைப்பு, இது கொடுப்பது உங்களுடைய அமைப்பு. இசட் ஷெல் வைத்திருப்பவர்களுக்கு 'டிடிஒய்சிடிஎல் மைனஸ் எஃப்' என்று ஒன்று உண்டு, வெளி நிரல்கள் என்ன மாற்றினாலும் ஷெல் பழையபடி வைத்துவிடும். ஆனால் அது இருக்கும்வரை எஸ்டிடிஒய் போட்டாலும் நிலைக்காது.

மலையில் இருந்துகொண்டு அறுந்து அறுந்து வரும் நெட்டில் வேலை செய்பவருக்கு நான் முதலில் சொல்வது டிமக்ஸ். சர்வரில் டிமக்ஸைத் திறந்து அதற்குள் விம்மைத் திறவுங்கள். நெட் போனால் போகட்டும், விம் அங்கே உயிரோடு இருக்கும், திரும்ப உள்ளே வந்து டிமக்ஸை ஒட்டிக்கொண்டால் கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கும். கொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. அதற்கு மேல் மோஷ் என்று ஒன்று இருக்கிறது, எஸ்எஸ்எச்-சுக்குப் பதிலாக, இணைப்பு விட்டு விட்டு வந்தாலும் தாங்கும்படி எழுதப்பட்டது. ஆனால் வழக்கமாக 60000 முதல் 61000 வரையிலான யுடிபி போர்ட்டுகள் சர்வரில் திறந்திருக்க வேண்டும், உங்கள் ஆபீஸ் ஃபயர்வால் பார்ப்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி, எடிட்டர் ஏன் நிற்கிறது என்பது. நீங்கள் எழுதியதை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது. நெட் இழுப்பதால் நின்றது போலத் தெரிந்திருக்கலாம், உண்மையில் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தட்டியதெல்லாம் வந்திருக்கும். கண்ட்ரோல்-எஸ் ஆகவும் இருக்கலாம். பிரிக்க எளிய வழி: அடுத்த முறை நின்றவுடன், இரண்டாவது விண்டோவில் அதே சர்வருக்குள் போய் எதையாவது தட்டிப் பாருங்கள். அதுவும் இழுத்தால் நெட், கொல்வதில் பயனில்லை, காத்திருங்கள். அது பறந்தால் முதல் விண்டோவில் கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வெறும் கில், அதன் பிறகு முதல் விண்டோவுக்குள்ளேயே எடுத்த எஸ்டிடிஒய் மைனஸ் ஏ வெளியீட்டை முழுதாக இங்கே போடுங்கள், எது அணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அதுவரை இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. போன வாரம் கிரான்டேப் திருத்தும்போது எடிட்டரைக் கொன்றீர்களே, எடிட்டர் ஒழுங்காக முடியாவிட்டால் கிரான்டேப் புதிய பட்டியலை ஏற்காது, பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். 'கிரான்டேப் மைனஸ் எல்' போட்டு, நீங்கள் சேர்த்ததாக நினைக்கும் வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.